பழைய கார்டில் ரே டிரேசிங் பொத்தான் ஏன் தெரிகிறது, அதை விட்டுவிட்டு எதைக் கூட்டலாம்

கல்முனையிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கும் கேள்வியின் சாரம் இது. அவரிடம் இருப்பது 6 ஜிபி நினைவகம் உள்ள ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்ட், நான்காம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ரேம். மெட்ரோ எக்ஸோடஸ் விளையாடுகிறார். வழமையாகச் செக்கனுக்கு 45 பிரேம் அளவில் ஓடுகிறது. ஒளிக்கதிர்கள் எங்கே பட்டு எப்படித் தெறிக்கின்றன என்று கணக்கிட்டு வெளிச்சம் வரையும் ரே டிரேசிங்கை இயக்கிய உடனே 9, 10 என்று விழுந்துவிடுகிறது. அதே கேமின் என்ஹான்ஸ்ட் பதிப்பு திறக்கவே மறுக்கிறது. கடையில் கேட்டதற்கு, கார்ட் களைத்துவிட்டது, பவர் சப்ளையையும் சேர்த்து மாற்றுங்கள் என்றார்களாம். கார்ட் பழுதா, கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை மாற்றினால் சரிவருமா, இல்லையென்றால் பாவித்த ஆர்டிஎக்ஸ் 2060 ஒன்று வாங்கலாமா என்று கேட்கிறார். இந்த மூன்றுக்கும் அடியில் அவர் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது: ஓடாத ஒன்றுக்குப் பொத்தானை ஏன் வைத்தார்கள்? அதிலிருந்து தொடங்கினால்தான் மற்றவற்றுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியும்.

மட்டக்களப்பில் நெடுங்காலமாகக் கணினி திருத்துகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். கார்ட் வடிவமைக்கும் பொறியியலாளன் அல்லன். உங்கள் பெட்டியை நான் திறந்து பார்க்கவும் இல்லை. ஆகவே தொழில்நுட்பம் எப்படி வேலை செய்கிறது என்பதை உறுதியாகச் சொல்வேன், உங்கள் கார்டின் உடல்நிலையை மட்டும் நீங்கள் கொடுத்த எண்களை வைத்து ஊகிக்கிறேன். அந்த ஊகத்தைச் சரிபார்க்கும் வழியையும் பின்னால் எழுதியிருக்கிறேன்.

மைக்ரோசொப்ட் நிறுவனம் 2018 மார்ச்சில் டிஎக்ஸ்ஆர் என்ற விதிமுறையை அறிவித்தது. கேம் எழுதுகிறவர்கள் கதிர்களை எப்படிக் கேட்டு வாங்கலாம் என்பதற்கான பொது ஒழுங்கு அது. அந்தக் கதிர்களை எந்தப் பாகம் கணக்கிட வேண்டும் என்று அது கட்டளை போடவில்லை. அதே ஆண்டு செப்டெம்பரில் என்விடியா ஆர்டிஎக்ஸ் 20 வரிசையை விற்பனைக்கு விட்டது. கதிர்க் கணக்குக்கென்றே ஆர்டி கோர் எனப்படும் தனிப் பகுதி அந்தக் கார்ட்களில் இருந்தது. பிறகு 2019 ஏப்ரலில் 425.31 என்ற எண்ணுள்ள டிரைவர் வந்தது. அந்தத் தனிப் பகுதி இல்லாத ஜிடிஎக்ஸ் 1060 இன் 6 ஜிபி வகைக்கும், அதற்கு மேலான 10 வரிசைக் கார்ட்களுக்கும், 1660, 1660 டிஐ ஆகியவற்றுக்கும் அந்த டிரைவர் டிஎக்ஸ்ஆரைத் திறந்துவிட்டது. 1060 இன் 3 ஜிபி வகைக்கும் 1050 டிஐக்கும் அந்த வாய்ப்புக் கொடுக்கப்படவில்லை. உங்கள் திரையில் பொத்தான் தெரிவதற்கு முழுக் காரணமும் இந்த டிரைவர்தான். கேம் டிரைவரிடம் "கதிர் தெரியுமா?" என்று கேட்கிறது, டிரைவர் "தெரியும்" என்கிறது. எவ்வளவு வேகமாக என்று கேம் கேட்பதில்லை. பழைய கார்ட்காரர்களும் ஒருமுறை ஆசைக்குப் பார்த்து, அது தவழ்வதையும் பார்த்து, புதியதை வாங்கட்டும் என்ற வியாபாரக் கணக்கும் இதற்குள் இருந்தது என்பது என் சொந்த அபிப்பிராயம். அதை நிரூபிக்க என்னிடம் ஆவணம் இல்லை. போட்டி நிறுவனமான ஏஎம்டி அந்தத் தலைமுறையின் ஆர்எக்ஸ் 580 போன்ற கார்ட்களுக்கு விண்டோஸில் இதைத் திறந்துவிடவே இல்லை. அவற்றை வைத்திருப்பவர்களுக்குப் பொத்தானும் தெரியாது, மனக்குறையும் வராது.

என்ஹான்ஸ்ட் பதிப்பு திறக்காதது வேறு கதை. 2019 பெப்ரவரியில் வந்த முதல் பதிப்பில், பழைய முறை வெளிச்சம் முழுவதும் அப்படியே இருந்தது. சூரியனிலிருந்தும் வானத்திலிருந்தும் வரும் ஒளி பட்டுத் தெறிப்பதை மட்டும் கதிர் முறையில் கணக்கிடும் தெரிவை அதற்கு மேலே வைத்தார்கள். 2021 மேயில் வந்த என்ஹான்ஸ்ட் பதிப்பில் அந்தப் பழைய அடித்தளத்தையே எடுத்துவிட்டு, விளக்கு, நெருப்பு எல்லாவற்றின் ஒளியையும் கதிரிடம் கொடுத்துவிட்டார்கள். அதன் குறைந்தபட்சத் தேவையே ஆர்டிஎக்ஸ் 2060. கதிருக்கென்று தனி வன்பொருள் இல்லாத கார்டில் அது திறக்காது. ஆகவே அது உங்கள் கார்டின் நோய் அல்ல. முதல் பதிப்பை வாங்கியவர்களுக்கு என்ஹான்ஸ்ட் பதிப்பை இலவசமாகக் கொடுத்ததால் அது உங்கள் கணக்கில் வந்து கிடக்கிறது, அவ்வளவுதான். அழித்துவிட்டால் வன்தட்டிலாவது இடம் மிஞ்சும்.

இனி, ஏன் இவ்வளவு பெரிய வீழ்ச்சி. கேம் உலகம் முழுவதும் முக்கோணங்களால் ஆனது. ஒரு காட்சியில் அவை இலட்சக்கணக்கில் இருக்கும். ஒரு கதிர் எந்த முக்கோணத்தில் போய்ப் படுகிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்தால் விடியாது. அதனால் முக்கோணங்களைப் பெரிய பெட்டிகளுக்குள்ளும், அவற்றைச் சிறிய பெட்டிகளுக்குள்ளும் அடுக்கி ஒரு மரமாகக் கட்டி வைக்கிறார்கள். கதிர் பெரிய பெட்டியைத் தொடவில்லையென்றால் அதற்குள் இருக்கும் எதையும் பார்க்க வேண்டியதில்லை. இந்த மரத்தில் இறங்கி ஏறும் சோதனையைத்தான் ஆர்டி கோர் வன்பொருளிலேயே முடித்துக் கொடுக்கிறது. 1060 இல் அதே சோதனையை, வழமையாக நிறக் கணக்குச் செய்யும் பொதுவான ஷேடர் பகுதிகள் நிரல் எழுதிச் செய்ய வேண்டும். ஒரு கதிருக்கே ஆயிரக்கணக்கான கட்டளைகள் போய்விடும் என்று என்விடியாவே ஆர்டிஎக்ஸ் 20 வரிசையின் டியூரிங் வடிவமைப்புப் பற்றிய தன் ஆவணத்தில் எழுதியிருக்கிறது.

கட்டளைகள் அதிகம் என்பது பாதிக் காரணம்தான். மற்றப் பாதியைப் பலர் சொல்வதில்லை. என்விடியா கார்டில் ஷேடர்கள் தனித்தனியாக ஓடுவதில்லை. இழை எனப்படும் சிறு வேலைகள் 32 ஒரு கூட்டமாகக் கட்டப்பட்டு ஒரே கட்டளையை ஒரே நேரத்தில் நிறைவேற்றுகின்றன. திரையில் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களுக்கு நிறம் பூசும்போது இது அருமையான ஏற்பாடு, ஏனென்றால் எல்லோருக்கும் ஒரே வேலை. ஆனால் சுவரில் பட்டுத் தெறித்த கதிர்கள் ஆளுக்கொரு திசையில் போகின்றன. ஒன்று வானத்துக்குப் போய் உடனே முடிந்துவிடும், இன்னொன்று மரக்கிளைகளுக்குள் புகுந்து நூறு பெட்டிகளைச் சோதித்துக்கொண்டிருக்கும். கல்முனையிலிருந்து புறப்பட்ட பஸ் 32 பயணிகளையும் அவரவர் வீட்டு வாசலில் இறக்கியே தீருவேன் என்று ஒழுங்கைக்குள் எல்லாம் திரும்பினால், முதல் தரிப்பிடத்தில் இறங்க வேண்டியவர் இறங்கிய பிறகும் அவருடைய இருக்கை மட்டக்களப்பு வரை வெறுமையாகவே வரும். கார்டில் நடப்பது அதுதான். வேலை முடிந்த இழைகள் முடியாதவற்றுக்காகச் சும்மா காத்திருக்கின்றன.

எண்ணில் பார்க்கலாம். 1920க்கு 1080 திரையில் 20,73,600 பிக்சல்கள். பிக்சலுக்கு ஒரே ஒரு கதிர், செக்கனுக்கு 60 பிரேம் என்று வைத்தால் ஏறத்தாழ 12.4 கோடிக் கதிர்கள். ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ செக்கனுக்கு 1000 கோடிக்கு மேலும், பழைய ஜிடிஎக்ஸ் 1080 டிஐ 110 கோடியும் செய்யும் என்று என்விடியா அறிவித்தது. 1080 டிஐயில் 3584 ஷேடர்கள், உங்கள் கார்டில் 1280. மூன்றில் ஒரு பங்கு என்று குத்துமதிப்பாக எடுத்தாலும் 35 கோடிக்குக் குறையாது, அப்படியென்றால் 12.4 கோடி போதுமே என்று தோன்றும். இந்த இடத்தில்தான் நிறுவன எண்ணை நம்பிக் கணக்குப் போடுவது கவிழ்த்துவிடுகிறது. அது கார்ட் வேறொன்றும் செய்யாமல் கதிரை மட்டும் எறியும் நிலையில் எடுத்த வேகம். கேமுக்குள் கார்ட் தன் வழமையான வேலையையும் செய்ய வேண்டும். 60 பிரேமுக்கு ஒரு பிரேமின் ஆயுள் 16.7 மில்லிசெக்கன். நீங்கள் 45இல் ஓடுகிறீர்கள் என்றால், கதிர் வருவதற்கு முன்னரே ஒரு பிரேமுக்கு 22 மில்லிசெக்கன் செலவாகிக்கொண்டிருக்கிறது. அதற்குமேல் கதிர்கள், அவை பட்ட இடத்தின் நிறக் கணக்கு, அசையும் பொருட்களுக்காகப் பெட்டி மரத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்தல், கடைசியில் பிக்சலுக்கு ஒன்றிரண்டு கதிர் மட்டுமே எறிந்ததால் வரும் புள்ளிப் புள்ளியான படத்தைத் துடைத்துச் சீராக்கும் வேலை, இத்தனையும் சேர்கின்றன. நீங்கள் பார்த்த 10 பிரேம் என்பது ஒரு பிரேமுக்கு 100 மில்லிசெக்கன். அந்தக் கார்டுக்கு அது எதிர்பார்க்கக்கூடிய விளைவுதான்.

ஆகவே கார்ட் பழுதா என்ற கேள்விக்கு: கதிர் இல்லாமல் 45 வருகிறது என்றால், அந்தக் கேமுக்கு ஒரு 1060 கொடுக்க வேண்டியதை உங்களுடையது கொடுத்துக்கொண்டிருக்கிறது. பவர் சப்ளை பலவீனமானால் கணினி திடீரென்று அணையும், தானாக மீள இயங்கும், திரை கறுத்துப்போகும். ஒரு தெரிவை இயக்கினால் சீராக 10க்கு இறங்குவதும் நிறுத்தினால் 45க்கு ஏறுவதும் பவர் சப்ளையின் குணம் அல்ல. அதற்காக மட்டும் அதை மாற்றாதீர்கள். டிரைவரிலும் அற்புதம் எதுவும் காத்திருக்கவில்லை. 10 வரிசைக் கார்ட்களுக்கான புதிய கேம் டிரைவர்களை 2025 ஒக்டோபரோடு என்விடியா நிறுத்திக்கொண்டது. இனி 2028 ஒக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான் வரும்.

சந்தேகம் தீர ஒரு சோதனை செய்யலாம். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து வைத்து, கதிரை நிறுத்திவிட்டு அரைமணி நேரம் விளையாடி, வெப்பநிலையையும் கார்டின் கடிகார வேகத்தையும் பாருங்கள். 1060 தன் வெப்பநிலையை 83 பாகைக்குள் வைத்திருக்க முயலும். அதைத் தொட்டதும் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தொடக்கத்தில் 1700 மெகாஹேர்ட்ஸுக்கு மேலே நின்ற வேகம் அரைமணியில் மிகவும் கீழே இறங்கினால் கார்ட் மூச்சுத் திணறுகிறது என்று பொருள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நம் அறைகளே அடுப்படி வெக்கையில் இருக்கும்போது இது சாதாரணம். கல்லடி, நாவலடிப் பக்கத்துக் கடலோர வீடுகளிலிருந்து வரும் கார்ட்களைக் கழற்றினால், பின்பக்கத் தகட்டில் துரு பிடித்திருக்கும். அலுமினிய இதழ்களுக்கு நடுவே தூசி உப்பீரத்தில் இறுகித் தடித்த படலமாக நிற்கும், ஊதினால் அசையாது, மெல்லிய தூரிகையால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். பல்லி முட்டை ஓடுகூட இருக்கும். உள்ளே தேர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாகியிருக்கும். அதை மாற்றி, மதர்போர்டில் செருகும் பொன்னிறப் பற்களை வெண்மையான அழிறப்பரால் மெதுவாகத் துடைத்து, ஐசோபுரொப்பைல் அல்ககோலால் ஒற்றி எடுத்தாலே பல கார்ட்கள் பழைய வேகத்துக்கு வந்துவிடுகின்றன. கதிரைத் தாங்கும் பலம் இதனால் வராது. ஆனால் அடுத்துச் சொல்லப்போகும் காரியத்துக்கு இது உதவும்.

அந்தக் காரியம் என்னவென்றால், கேம்களில் நீங்கள் பார்த்து வியக்கும் வெளிச்சத்தில் பெரும்பங்கு கதிர் முறையில் வந்தது அல்ல. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 இல் காலைப் பனிக்குள் மரங்களுக்கிடையே சூரியன் கீற்றாக இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். 2019 நவம்பரில் கணினிக்கு வந்த அந்தக் கேமில் ரே டிரேசிங் கிடையவே கிடையாது. அதற்குப் பரிந்துரைக்கப்பட்ட கார்ட் உங்களிடம் இருக்கும் இதே 6 ஜிபி 1060. 2008 இல் வந்த மிரர்ஸ் எட்ஜ் கேமில் சிவப்புச் சுவரின் நிறம் பக்கத்து வெள்ளைச் சுவரில் படிந்திருப்பது இன்றைக்கும் அழகாகவே இருக்கிறது. அங்கே ஒளி தெறிப்பதைக் கேமைத் தயாரித்தவர்களே முன்கூட்டிக் கணக்கிட்டுச் சுவர்களில் படமாக ஒட்டிவிட்டார்கள், விளையாடும் கார்டுக்குச் செலவே இல்லை. சூரியன் நகராத, சுவர் இடியாத உலகத்துக்கு அந்த வழி இன்றும் சிறந்தது. சூரியன் உதித்து மறையும் திறந்த உலகத்தில்தான் அது தோற்கிறது. கதிர் முறை தேவைப்பட்டதும் அங்கேதான்.

பழைய முறையின் உத்திகளில் இரண்டைத் தெரிந்துகொண்டால் எந்தத் தெரிவைக் கூட்டுவது என்று நீங்களே முடிவு செய்யலாம். ஒன்று அம்பியன்ட் ஒக்லூஷன். மேசைக் கால் தரையைத் தொடும் இடத்தில், அலுமாரிக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடுக்கில், இயற்கையாக இருட்டு தங்கும். 2007 இல் கிரைசிஸ் கேமுக்காகக் கிரைடெக் நிறுவனம் இதற்கு ஒரு மலிவான வழி கண்டது. கார்ட் எப்படியும் ஒவ்வொரு பிக்சலும் கண்ணிலிருந்து எவ்வளவு தூரம் என்று குறித்து வைத்திருக்கிறது. அந்தக் குறிப்பைச் சுற்றும்முற்றும் பார்த்து, எங்கே பள்ளமோ அங்கே கறுப்பைக் கூட்டுவது. இதை நிறுத்தினால் பொருட்கள் தரையில் நிற்காமல் மிதப்பதாகத் தோன்றும். எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள். ஒரு கேமில் ஒளிக்காக ஒரே ஒரு தெரிவுக்கு மட்டும் இடம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் வைப்பேன்.

மற்றது ஸ்கிரீன் ஸ்பேஸ் ரிப்லெக்ஷன். மழை பெய்த தெரு வரும் கேம் ஒன்றில், தேங்கிய தண்ணீரில் தெருவிளக்கு தெரியும் இடத்தில் நின்று, மெதுவாகப் பார்வையைக் கீழே தாழ்த்துங்கள். விளக்குக் கம்பம் திரையின் மேல் ஓரத்தைக் கடந்து மறையும் அதே கணத்தில் தண்ணீரில் இருந்த அதன் பிம்பமும் கரைந்துபோகும். திரையில் ஏற்கெனவே வரையப்பட்டதையே திருப்பி வரைவதால் வரும் குறை அது. திரைக்கு வெளியே, உங்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பது எதுவும் அதற்குத் தெரியாது. கதிர் முறை இந்த இடத்தில் உண்மையிலேயே வெல்கிறது, மறுக்க மாட்டேன். ஆனால் ஓடிக்கொண்டே சுடும் கேமில் தண்ணீரைக் குனிந்து பார்ப்பவர் எத்தனை பேர்? இதை நடுத்தரத்தில் வையுங்கள். அல்ட்ராவுக்கு ஏற்றினாலும் இந்தக் குறை போகாது, கூர்மை மட்டும் கொஞ்சம் கூடும், பிரேம்தான் கரையும்.

நிழலை ஹை அளவில் நிறுத்துங்கள், அல்ட்ராவில் தூரத்து மரங்களின் நிழல் ஓரம்தான் திருத்தமாகும். பனி, புகைக்குள் ஒளிக்கீற்றுக் காட்டும் வொலியூமெட்ரிக் தெரிவு பெரும்பாலான கேம்களில் நடுத்தரத்திலேயே முக்கால் அழகைத் தந்துவிடும். சாய்வாகத் தெரியும் தரையையும் சுவரையும் கூர்மையாக்கும் அனிசோட்ரோபிக் வடிகட்டலை 16 இல் விடுங்கள், செலவு மிகக் குறைவு. மெட்ரோவில் முடியை அசைத்துக் காட்டும் ஹெயார்வேர்க்ஸையும் துகள், துணி அசைவுகளைக் கூட்டும் மேலதிக பிஸ்எக்ஸையும் நிறுத்திவிடுங்கள். அவை ஒளியே அல்ல, பிரேமை மட்டும் தின்னும். பொருட்களின் மேற்பரப்புப் படமான டெக்ஸ்சரை 6 ஜிபி தாங்கும் வரை உயர்த்தலாம்.

இன்னொன்றையும் பாருங்கள். நம் பக்கத்தில் பலர் மொனிட்டருக்குப் பதிலாகத் தொலைக்காட்சியை எச்டிஎம்ஐ வயரில் இணைத்து விளையாடுகிறார்கள். அப்போது டிரைவர் சில வேளைகளில் தொலைக்காட்சிக்குரிய குறுகிய நிற வீச்சைத் தானாகத் தேர்ந்துவிடும். இரு பக்கமும் ஒத்துப்போகாவிட்டால் கறுப்பு சாம்பலாகும், இரவுக் காட்சிகள் பால் கலந்ததாகத் தெரியும். என்விடியா கொன்ட்ரோல் பெனலில் திரை அளவு மாற்றும் பக்கத்தில் அவுட்புட் டைனமிக் ரேஞ்ச் என்று ஒன்று இருக்கும். அதை ஃபுல் என்று மாற்றி, தொலைக்காட்சியின் கறுப்பு அளவையும் அதற்கேற்ப வையுங்கள். இது காசு செலவில்லாத வேலை. "வெளிச்சம் சரியில்லை" என்று சொல்லி வருகிறவர்களில் சிலருக்கு இதுவே போதுமாக இருந்திருக்கிறது.

சிறிதாக வரைந்த படத்தைத் திரைக்கேற்பப் பெரிதாக்கும் எஃப்எஸ்ஆர் என்ற உத்தியைப் போட்டால் கதிரை ஓட்டலாம் என்று காணொளிகள் வருகின்றன. எஃப்எஸ்ஆர் 2 உங்கள் கார்டிலும் ஓடும் என்பது உண்மை. அதே வேலைக்கு என்விடியா வைத்திருக்கும் டிஎல்எஸ்எஸ்தான் ஆர்டிஎக்ஸுக்கு மட்டும். ஆனால் 1080 திரையில் எஃப்எஸ்ஆர் 2 இன் குவாலிட்டி அளவு உள்ளே வரைவது 1280க்கு 720 தான். அதற்கும் கீழே போனால் கம்பி வேலிகளும் இலைகளும் நெளியத் தொடங்கும். சாதாரண ஓட்டத்தில் 40ஐ 55 ஆக்குவதற்கு இது நல்ல துணை. 10ஐ விளையாடக்கூடிய அளவுக்கு உயர்த்தாது. இடையில் போலிப் பிரேம் சேர்க்கும் பிரேம் ஜெனரேஷனுக்கு அடியில் ஏற்கெனவே 60ஐ ஒட்டி ஓட வேண்டும். 10 பிரேமுக்கு நடுவே போலிகளைச் செருகினால் படம் வழுக்கும், கை மட்டும் பழைய 10 பிரேமின் தாமதத்திலேயே இருக்கும்.

ரீஷேட் என்ற மேற்பூச்சு மென்பொருள் பற்றியும் கேட்பீர்கள். அதில் பாஸ்கல் கில்ச்சர் எழுதிய ஆர்டிஜிஐ என்ற ஷேடர் ஆர்டி கோர் இல்லாமலே ஓடும், கதிர் என்ற பெயரும் பொய் அல்ல. ஆனால் அது கதிரை எறிவது திரையில் தெரியும் படத்துக்குள் மட்டும், தண்ணீரில் கண்ட அதே குறை இதற்கும் உண்டு. தனியாக விளையாடும் பழைய கேம்களில் இது அழகாகப் பொருந்தும். இணையவழிக் கேம்களில் தொடாதீர்கள், ஏமாற்றுத் தடுப்பு உங்கள் கணக்கையே முடக்கிவிடக்கூடும். ரே டிரேசிங் மோட் என்று சமூக ஊடகங்களில் சுற்றும் சிப் கோப்புகளையும் திறக்காதீர்கள், அப்படித் திறந்துவிட்டுக் கணினியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் குறையவில்லை.

கடைசியாக, வாங்குவது. மெட்ரோவின் முதல் பதிப்பில் கதிரைப் பார்க்கும் ஆசைக்காக மட்டும் என்றால் வாங்க வேண்டாம் என்பேன். மரக் குடிசைக்குள் போனால் ஜன்னலருகே வெளிச்சமும் மூலையில் உண்மையான இருட்டும் விழும், பழைய முறையில் அந்த மூலை சாம்பலாக இருக்கும். வித்தியாசம் அழகானதுதான், ஒரு கார்டின் விலைக்கு ஈடானது அல்ல. ஆனால் காலம் ஒரு பக்கமாக நகர்கிறது. 2024 டிசெம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ் கேமும் 2025 மேயில் வந்த டூம்: த டார்க் ஏஜஸும் கதிர் வன்பொருள் இல்லாமல் திறக்காது. எல்லோரும் அப்படிக் கதவடைத்துவிடவில்லை. 2025 மார்ச்சில் வந்த அசாசின்ஸ் கிரீட் ஷேடோஸ், தனி வன்பொருள் இல்லாத கார்ட்களுக்கென்று மென்பொருள் வழிக் கதிர் முறையைக் கொடுத்தது. ஆனாலும் அதற்குக் குறைந்தபட்சம் 8 ஜிபி ஜிடிஎக்ஸ் 1070 வேண்டும். இன்னும் எத்தனை கேம்கள் எவ்வளவு விரைவில் இந்த வழிக்கு வரும் என்பதை யாரும் திகதி போட்டுச் சொல்ல முடியாது. நீங்கள் விளையாட விரும்பும் கேம்களின் பட்டியலில் திறக்க மறுப்பவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் 1060 இன்னும் ஓடட்டும்.

வாங்கத்தான் வேண்டும் என்றால், நீங்கள் நினைத்திருக்கும் 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 2060ஐ நான் தவிர்ப்பேன். மேலே சொன்ன இந்தியானா ஜோன்ஸ், டூம் இரண்டும் குறைந்தபட்சமாகக் கேட்பது 8 ஜிபி உள்ள 2060 சூப்பர் அல்லது ஆர்எக்ஸ் 6600. கதிர் முறை நினைவகத்தையும் தின்னும். பெட்டி மரத்தை வைக்கவும் இடம் வேண்டும் அல்லவா. 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 பாவித்ததாகக் கிடைத்தால் அதுவே என் முதல் தெரிவு, 170 வாட் கேட்கும். 3060 என்ற பெயரிலேயே 8 ஜிபி வகை ஒன்றும் உண்டு, நினைவகப் பாதை குறுகியது, விலையில் ஏமாறாதீர்கள். ஆர்எக்ஸ் 6600 ஏறத்தாழ 132 வாட்டில் சாதாரண ஓட்டத்துக்கு மிக நல்லது, கதிரில் 3060க்குப் பின்னால்தான் நிற்கும். வெளிநாட்டு அலுவலகங்களில் கழித்துவிட்ட சிறிய பெட்டியில் இருப்பவர்களுக்கு, தனி மின் இணைப்புக் கேட்காத 70 வாட் ஆர்டிஎக்ஸ் 3050 இன் 6 ஜிபி வகை வசதி, அதிலும் கதிரை அளவோடுதான் எதிர்பார்க்க வேண்டும். எதை வாங்கினாலும் நான்காம் தலைமுறை ஐ5 அதைப் பிடித்து இழுக்கும். பெட்டி மரத்தைத் தயார் செய்யும் வேலையில் ஒரு பங்கு சீபியுவின் தலையில்தான் விழுகிறது. எவ்வளவு இழுக்கும் என்பது கேமுக்குக் கேம் மாறும்.

பாவித்ததை வாங்கும்போது கடையிலேயே ஜிபியு-இசட்டைத் திறக்கச் சொல்லுங்கள். மிகப் பழைய கார்டின் பயோஸை (கார்ட் தன்னை இன்னதென்று சொல்லும் உள் நிரலை)த் திருத்தி 1060, 1050 டிஐ என்று பெயர் சூட்டி விற்பது உலகச் சந்தையில் நடந்த மோசடி, அந்த மென்பொருள் 2018 முதல் அத்தகையவற்றைப் போலி என்று முன்னாலேயே எழுதிக் காட்டிவிடும். 2022 செப்டெம்பரில் எத்தீரியம் என்ற மின்னாணயத்தின் முறை மாறியதும், அதுவரை கணக்கிட்டு அந்த நாணயம் தோண்டிய கார்ட்கள் சந்தையில் கொட்டின. தோண்டியது என்பதற்காகவே ஒதுக்க வேண்டியதில்லை, ஆனால் விசிறி ஆட்டம் காண்கிறதா, நினைவகச் சிப்புகளைச் சுற்றி எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். அரைமணி நேரமாவது கேம் ஓட்டிக் காட்டாதவரிடம் வாங்காதீர்கள்.

அதற்கு முன் உங்கள் பவர் சப்ளையின் பக்கத்திலுள்ள தாளைப் படமெடுத்துப் போடுங்கள். மொத்த வாட் எனக்கு முக்கியமில்லை, 12 வோல்ட் வரிசையில் எத்தனை அம்பியர் என்று எழுதியிருக்கிறதோ அது தெரிய வேண்டும், 8 முள் இணைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள், 1060க்கு பெரும்பாலும் 6 முள்தான் செருகியிருப்பீர்கள். பெட்டிக்குள் கார்ட் நிற்கும் இடத்தின் நீளத்தையும், மேலே சொன்ன அரைமணிச் சோதனையின் வெப்பநிலையையும் சேர்த்து எழுதினால், கடைக்காரர் சொன்னதில் எது தேவை, எது தேவையில்லை என்று பிரித்துச் சொல்லிவிடலாம்.